யாரும் தொடாத வரிசை

அந்த ஒரு வரிசையின் அடியில் மட்டும் வாடின பூ ஒன்றுகூட இல்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நாகலக்ஷ்மி முதலில் பார்த்தது அதைத்தான். கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் நீண்டு கிடந்த மற்ற வரிசைகளில், பறிப்பவர் கைக்குத் தப்பி முந்தின நாள் மாலை மலர்ந்துவிட்ட மல்லிகைகள் பழுப்பேறி, நீர் பாய்ந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு, வெயில் ஏற ஏறப் புளித்த வாசனை விட்டுக்கொண்டிருந்தன. வேலியோரத்துக் கடைசி வரிசையில் அப்படி எதுவும் இல்லை. அதைக் கவாத்து செய்யாமலே விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. மற்ற செடிகள் இடுப்பளவு நிற்க, இவை அவள் தலைக்கு மேலும் கிளை வீசி நின்றன. அடி முதல் நுனி வரை இறுக மூடிய மொட்டுகள். கீழே மண் பெருக்கி வைத்தது போலச் சுத்தம்.

இத்தனை மொட்டையும் பறிக்காமல் விட்டவர்கள் நேற்றும் அப்படித்தானே விட்டிருப்பார்கள், நேற்றைய பூவெல்லாம் எங்கே போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றினதை அவள் ஒதுக்கிவிட்டாள். குழந்தையின் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு உளைவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

காய்ச்சல் வந்தது கார்த்திகையில். அகிலாண்டத்துக்கு ஏழு வயது. விஷ ஜுரம் என்றார் டாக்டர். தலையில் ஈரத்துணி போட வசதியாக முடியை ஒட்ட வெட்டிவிடச் சொன்னார். இடுப்பு வரை இல்லாவிட்டாலும் தோளுக்குக் கீழே தொங்கிய முடி. நாகலக்ஷ்மியே கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். அந்த இரவுகளில் ஒன்றில் குழந்தையின் கால்மாட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக அவள் சொல்ல, தூக்கமில்லாததால் வருகிற தோற்றம் என்று டாக்டர் அவளுக்கும் ஒரு மருந்து கொடுத்தார். அந்த மருந்தைக் குடித்த அன்றுதான் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்து எழுந்தால், பின்னுகிற அளவுக்கு முடி வளர்ந்ததும், யாரும் முகராத, யார் கையும் படாத மொட்டாகப் பார்த்துத் தலை நிறையப் பூத்தைத்து உன் சன்னிதிக்கு அழைத்துவருகிறேன். அதே பூவில் உனக்கும் ஒரு சரம் தருகிறேன் என்று.

குழந்தை எழுந்தது. ஆனால் நாகலக்ஷ்மிக்குள் ஏதோ ஒன்று எழவில்லை. சமைத்தாள், கோலம் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எல்லாம் கம்பளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது போல் இருந்தது. குழந்தை தூங்கும்போது மட்டும் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அந்தச் சூடு ஒன்றுதான் அவளுக்குச் சரியாக உறைக்கும்.

இப்போது வைகாசி. முடி கழுத்தைத் தொட்டிருந்தது. சவுரி முடி வைத்துப் பின்னினால் பூத்தைக்கலாம் என்று சொன்னது நாத்தனார் அனந்தலக்ஷ்மி. அவள் கோடைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். பூத்தைப்பதில் கை தேர்ந்தவள். தம்பி, நாகலக்ஷ்மியின் கணவன் பட்டாபிராமனுக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. பட்டா விஷயமாகக் கச்சேரிக்கு வந்துபோன உக்கிரபாண்டி என்கிற குடியானவன், திருமங்கலம் சாலைக்கு மேற்கே தனக்கு ஒரு பூந்தோட்டம் இருப்பதாகச் சொல்லி, பிள்ளைகுட்டியோடு ஒரு நாள் வந்து இருந்துவிட்டுப் போகும்படி பலமுறை கூப்பிட்டிருந்தான். ஆகவே கட்டுச்சாதமும், தண்ணீர்க் கூஜாவும், ஊசி நூலும், சவுரியுமாக விடிவதற்கு முன்னே மோட்டார் பஸ் ஏறி, சாலையில் இறங்கி, அவன் அனுப்பின வண்டியில் வந்து சேர்ந்திருந்தார்கள். சாயங்காலம் திரும்பி, மேல கோபுர வீதி ஸ்டூடியோவில் ஒரு போட்டோ, பிறகு கோவில் என்று திட்டம்.

உக்கிரபாண்டி ஒரு கூடை நிறைய மொட்டு எடுத்து வைத்திருந்தான். ஈரத் துணி மூடின கூடை. நாகலக்ஷ்மி அதைப் பார்த்தபடி நின்றாள். பறித்த பெண்கள் வேப்பமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய்விட்டு மறுபடி கூடையிலேயே போட்டாள்.

"என்னடி யோசனை? பூ பூதான். அம்பாள் என்ன சாட்சி விசாரிக்கவா போறா?" என்றாள் அனந்தலக்ஷ்மி. "உன் ஆத்துக்காரன் கச்சேரியிலேதான் அதெல்லாம்."

பட்டாபிராமன் தன்னை இழுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடுகள் கமலையில் நீர் இறைப்பதைக் காட்டப் போனான். உக்கிரபாண்டியும் கூடப் போனான்.

நாகலக்ஷ்மி கூஜாத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டாள். ஒரு வாழையிலையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தாள். யாரையும் கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. வேண்டிக்கொண்டது அவள். யார் கையும் படாதது என்று சொன்னதும் அவள்தான். அதோ, யார் கையும் படாமல் நிற்கிறது.

மொட்டுகள் குளிர்ந்திருந்தன. வெயில் முதுகைச் சுட்டது; விரல்நுனிகள் மட்டும் பனிக்குள் விட்டது போல மரத்தன. மேல்கிளைகளை எட்ட அவள் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. இலை நிறைந்து, மடியும் நிறைந்தது. மற்ற வரிசைகளில் தேனீக்கள் ரீங்கரித்த சத்தம் இங்கே வரவில்லை என்பது, அவள் திரும்பி நடக்கும்போது அந்தச் சத்தம் மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது.

வேப்பமரத்தடியில் பாயை விரித்து அனந்தலக்ஷ்மி குழந்தையை முன்னால் உட்கார்த்திக்கொண்டாள். கழுத்து வரையிருந்த முடியை இழுத்துச் சேர்த்துச் சவுரியை முடிந்து பின்னலாகத் தொங்கவிட்டாள். பின்னல்மேல் வாழைப்பட்டையை வைத்து, மொட்டு மொட்டாக ஊசியில் கோத்துத் தைத்துக்கொண்டே, தன் மாமியார் மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு முழுத் தெருவையும் பெருக்க வைத்த கதையைச் சொன்னாள். அகிலாண்டம் தலையை ஆட்டாமல் சிரிக்கப் பார்த்தாள். "அத்தை, போறும், கழுத்து வலிக்கறது" என்றாள் நடுவில். நாகலக்ஷ்மி அம்மனுக்கான சரத்தைத் தனியாகத் தொடுத்து, இலையில் வைத்துக் கட்டினாள்.

பின்னல் பாதி தைத்து முடிந்திருந்தபோது உக்கிரபாண்டியின் மனைவி சின்னத்தாய் வீட்டுப் பக்கத்திலிருந்து இளநீர் எடுத்துக்கொண்டு வந்தாள். உயரமான பெண். முகம், கழுவித் துடைத்த பலகை மாதிரி இருந்தது. நாலடி தள்ளி நின்றுவிட்டாள். குழந்தையின் தலையைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் பார்த்தாள். இளநீரைக் கீழே வைத்தாள்.

நாகலக்ஷ்மியைக் கிணற்றடிக்கு வரும்படி தலையசைத்துக் கூப்பிட்டாள்.

"அந்தக் கடேசி வரிசையில யாரு தாயி பறிச்சது?"

"நான்தான். யாரும் தொடாத வரிசையா இருந்தது. அம்மனுக்கு வேண்டிண்டது…"

சின்னத்தாய் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கோபப்படவில்லை. அதைத்தான் நாகலக்ஷ்மியால் தாங்க முடியவில்லை.

"கேட்டுட்டுப் பறிச்சிருக்கலாம்" என்றாள் சின்னத்தாய். "அது எங்க ஜெயக்கொடி வரிசை. மூத்த மக. கலியாணத்துக்குப் பேசி முடிச்சிருந்தோம். காய்ச்சல் வந்து போயிட்டா. வயசுக்கு வந்த பிள்ளை கன்னியாப் போனா, அவளுக்குன்னு ஒண்ணு விட்டு வைக்கிறது எங்க வழக்கம். அவ பூவுன்னா உசிர விடுவா. வரிசையையே விட்டுட்டோம். நாங்க யாரும் பறிக்கிறதில்ல, தாயி. சாயங்காலம் அம்புட்டும் வெள்ளையா விரிஞ்சு நிக்கும். விடிஞ்சு பாத்தா ஒரு பூ இருக்காது. மொட்டுதான் இருக்கும்."

கமலைச் சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரில் மோதுகிற சத்தம் கேட்டது.

"முடி இடுப்புக்குக் கீழ தொங்கும் அவளுக்கு" என்றாள் சின்னத்தாய். "வெட்டச் சொன்னாக. நாந்தான் வெட்ட விடல. கலியாணம் கூடி வந்த பிள்ளைன்னு."

நாகலக்ஷ்மி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல்நுனி இன்னும் மரத்துத்தான் இருந்தது.

"மொட்டு விரியறதுக்குள்ள எடுத்துருங்க" என்றாள் சின்னத்தாய் எழுந்துகொண்டே. "பொழுது சாயறதுக்குள்ள. விரிஞ்சிருச்சுன்னா அது அவ சூடின பூ."

நாகலக்ஷ்மி திரும்பி வந்தபோது பின்னல் முடிந்திருந்தது. உச்சியில் வட்டமாக ஒரு தாமரை, அதன் கீழே பிடரியிலிருந்து இடுப்பு வரை பளீரென்ற வெள்ளை. குழந்தை எழுந்து சுற்றிக் காட்டிற்று. பட்டாபிராமன் வாய் நிறையச் சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சொல்ல நினைத்த வார்த்தைகளை அவள் வரிசைப்படுத்திப் பார்த்தாள். தோட்டக்காரி சொன்னாள். இறந்துபோன பெண். விடிந்தால் பூ இருக்காது. ஒவ்வொன்றும் கால்மாட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தான் சொன்ன அந்த இரவு மாதிரியே இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம். கோவிலுக்குப் போய்விட்டு. மொட்டு விரிய எப்படியும் விளக்கு வைக்கிற நேரமாகும். வேண்டுதலையும் முடித்துவிடலாம், இதையும் எடுத்துவிடலாம்.

அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

பஸ்ஸில் குழந்தை அவள் மடியில் சாய்ந்து வந்தது. நாகலக்ஷ்மி ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னலைப் பார்த்தாள். புழுதி, பெட்ரோல் நாற்றம், யாரோ மூட்டையில் வைத்திருந்த கருவாடு. மொட்டுகள் அசையவில்லை. வெயிலில் கொஞ்சமாவது துவள வேண்டாமா? தைத்த கணத்தில் இருந்தபடியே, ஈரம்கூடக் காயாமல். இரண்டு தடவை நூலைத் தேடிக் கை வைத்தாள். இரண்டாம் தடவை அனந்தலக்ஷ்மி அவள் கையைத் தட்டிவிட்டாள். காலையிலிருந்து கழுத்தொடியத் தைத்தது இவள் பிய்த்துப்போடவா என்று கேட்டுவிட்டு, இவளுக்கு வேறு மாதிரி ஏதாவது மருந்துதான் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

ஸ்டூடியோவில் குழந்தையை முக்காலியில் உட்கார்த்தி, பின்னல் தெரிவதற்காக முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். முன்னால் முகம், கண்ணாடியில் பூச்சடை. எல்லா வீட்டிலும் சுவரில் மாட்டியிருக்கிற படம்தான். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். வெளியே வந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி துணிக்குள் போனார்.

"பாப்பா, கண்ணாடிப் பக்கம் திரும்பக் கூடாது" என்றார் துணிக்குள்ளிருந்து. "மூஞ்சி ரெண்டு தெரியுது. பின்னல் தெரியலை."

அகிலாண்டம் திரும்பவில்லை. நாகலக்ஷ்மி பார்த்துக்கொண்டேயிருந்தாள். குழந்தை மடியில் கையைக் கோத்து, நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டு, கண்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"திரும்பாதே கண்ணு."

அவர் தலையை வெளியே எடுத்துக் குழந்தையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். நாகலக்ஷ்மி நின்ற இடத்திலிருந்து கண்ணாடி தெரியவில்லை. மூன்று எட்டு வைத்தால் தெரிந்திருக்கும். அவள் வைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். படம் பிடித்ததாகச் சொன்னார். பிரதி எப்போது கிடைக்கும் என்று பட்டாபிராமன் கேட்டதற்கு, சரியாக விழுந்ததா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர்கள் படி இறங்குவதற்கு முன்பே கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

கோவிலில் கூட்டம் இல்லை. கல்லின் குளிர்ச்சி காலில் ஏறியது. வௌவால் நாற்றமும் நெய்ப் புகையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனைக்குள் வந்ததும், ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அந்தக் கம்பளி விலகுவது போல நாகலக்ஷ்மிக்கு இருந்தது. முடிந்துவிட்டது. கொண்டுவந்துவிட்டேன். குழந்தையைப் பட்டாபிராமன் தோளில் போட்டிருந்தான். அது சன்னிதிக்கு முதுகைக் காட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தது, அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவள் இலைப் பொட்டலத்தைப் பட்டரிடம் நீட்டினாள்.

அவர் நூலை அவிழ்த்தார். இலையை விரித்தார். கை அப்படியே நின்றது.

"என்னம்மா இது?"

இலைக்குள் சரம் பழுப்பாக இருந்தது. காலையில் அவள் தொடுத்த இறுக்கமான மொட்டுகள் எல்லாம் விரிந்து, வாடி, அழுகின ஓரங்களோடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தோட்டத்து மண்ணில் நாறின அதே புளித்த வாசனை.

"காலம்பரதான் பறிச்சேன். என் கையாலே. யாரும் தொடாத பூ."

பட்டர் இலையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். வயதானவர், கடிந்து பேசவில்லை. "இது நிர்மால்யம், அம்மா" என்றார். "ஏற்கனவே யாருக்கோ சாத்தின பூ. அம்பாளுக்கு ஆகாது." பொட்டலத்தை மறுபடி மூடி, அவள் கையில் வைக்காமல், படியோரமாக வைத்தார்.

திரும்பும்போது நாகலக்ஷ்மி பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே மொட்டு மொட்டாகவே இருந்தது. இறுக்கமாக. குளிர்ந்து.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் எதிர்வீட்டு மாடிச் சுவரில் ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. அவள் காலைக் கழுவவில்லை. விளக்கை ஏற்றவில்லை. குழந்தையைக் கூடத்தில் உட்கார்த்தி, கத்தரிக்கோலை எடுத்து, பிடரியில் முதல் நூலைத் தேடி வெட்டினாள். அனந்தலக்ஷ்மி அலுப்போடு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

"தலையை ஆட்டாதே அகிலா. இதோ ஆயிடுத்து."

"ஆட்டல" என்றது குழந்தை.

நூல் ஒவ்வொன்றாக அறுந்தது. வாழைப்பட்டையோடு பூ முழுதும் ஒரே தகடாகக் கையோடு வந்தது. அதை எதிரே தரையில் வைத்தாள். பின்னலின் நுனிக் குஞ்சலத்தை அவிழ்த்தாள். சவுரியின் முடிச்சைத் தேடி, பல்லால் கடித்து, இளக்கி, உருவினாள். சவுரி வந்துவிட்டது. பழைய சவுரி, அவள் கல்யாணத்தில் வைத்தது, செம்பட்டை ஓடினது. அதையும் தரையில் வைத்தாள்.

மூச்சு விட்டாள்.

குழந்தையின் கழுத்தைத் துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது.

சவுரியை எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். தரையைப் பார்த்தாள். சவுரி இருந்தது. குழந்தையின் முதுகைப் பார்த்தாள். பின்னல் இருந்தது. இடுப்பைத் தாண்டி, தரையில் பட்டு, ஒரு சுற்று சுற்றிக் கிடந்தது. கறுப்பு. கையில் எடுத்தாள். கனம். வேப்பெண்ணெய் வாசனை. அந்த வீட்டில் யாரும் வேப்பெண்ணெய் தடவுவதில்லை. விரலைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். முடிச்சு இல்லை. ஒட்டு இல்லை. வேர் இருந்தது. வேரடியில் சூடு.

அனந்தலக்ஷ்மி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலைப் பிடித்தாள்.

"வெட்டாதீக" என்றது குழந்தை திரும்பாமல். "எங்காத்தா வெட்ட விடல."

கத்தரிக்கோல் விழுந்தது. கிணற்றடியில் சின்னத்தாய் சொன்னதை நாகலக்ஷ்மி ஒருத்திதான் கேட்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மாடியில் வெயில் போய்விட்டிருந்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது, கூடம் முழுக்க, மூச்சு முட்ட. அவள் குனிந்து பார்த்தாள். தரையில் வைத்திருந்த தகட்டில் மொட்டுகள் எல்லாம் விரிந்திருந்தன. வெள்ளை வெளேரென்று. ஒன்று பாக்கியில்லாமல்.

அந்த இரவு எப்படிப் போயிற்று என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பட்டாபிராமன் இரண்டு டாக்டர்களை அழைத்து வந்தான். காய்ச்சல் இல்லை, நாடி சரியாக இருக்கிறது என்றார்கள் இருவரும். முடியைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, குழந்தையை அதற்கு முன் பார்த்தவர்கள் அல்ல. நாகலக்ஷ்மி தூங்குகிற குழந்தையின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. குளிர்ந்திருந்தது. மொட்டைத் தொட்டது போல.

விடியற்காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனார்கள். சாலையில் இறங்கியதும் குழந்தை முன்னால் நடந்தது. வண்டி வருவதற்குக் காத்திருக்கவில்லை. சாலையிலிருந்து தோட்டத்துக்குப் பிரிகிற பாதை அதற்குத் தெரிந்திருந்தது. வரப்பில் எங்கே வழுக்கும், எங்கே முள் கிடக்கும் என்று தெரிந்திருந்தது. "நில்லு அகிலா" என்று பட்டாபிராமன் கூப்பிட்டான். அது நிற்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்பது போலப் போயிற்று.

சின்னத்தாய் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை போய் அவள் முன்னால் நின்றது. அவள் செம்பைக் கீழே வைத்தாள். கிட்டத்தில் வரவில்லை, எட்டி, ஒரு கையை மட்டும் நீட்டி, பின்னலைத் தொட்டாள். நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. சின்னத்தாயின் முகம் நேற்று இருந்தது போலவேதான் இருந்தது. ஆனால் அவள் கை அந்தத் தலையைக் கோதத் தொடங்கிவிட்டது. நிறுத்த முடியாமல் கோதிற்று.

நாகலக்ஷ்மி அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"என் குழந்தையைக் குடுத்துடுங்கோ" என்றாள்.

"எங்கிட்ட இல்ல தாயி."

சொல்லும்போது சின்னத்தாயின் கண்கள் வேலிப் பக்கம் போயின. போனது தெரிந்து, திரும்பிக்கொண்டன.

நாகலக்ஷ்மி எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்த்ததும் கை நின்றது. தேனீச் சத்தம் இருந்தது. பிறகு இல்லை.

கடைசி வரிசை.

செடிகளின் கீழ்ப்பாதி சுத்தமாக இருந்தது. நேற்றைய பூ ஒன்றும் இல்லை. புது மொட்டுகள் மட்டும். அவள் தோள் உயரம் வரைக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே வரைக்கும், எல்லாக் கிளையும் அப்படித்தான். பறித்து முடித்த இடம் வரிசை நெடுக ஒரே மட்டமாகத் தெரிந்தது. கோடு கிழித்த மாதிரி.

அதற்கு மேலே எல்லாம் அப்படியே இருந்தது. நேற்று அவள் நுனிக்காலில் நின்றும் பறித்துத் தீராத மேல்கிளைகளில், இரவு விரிந்த பூக்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. சில கீழே உதிர்ந்திருந்தன.

எட்டவில்லை.

மண் ஈரமாக இருந்தது. சின்னச் சின்னக் காலடிகள். ஒவ்வொரு செடியடியிலும் குதிகால் பதியவில்லை. விரல்கள் மட்டும். அழுந்தி.

பின்னால் பட்டாபிராமன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவது கேட்டது. அவள் திரும்பவில்லை. அழுகை வரவில்லை. கையை உயர்த்தி, பூ நிறைந்த ஒரு மேல்கிளையைப் பிடித்து, மெதுவாக, ஒடியாமல் வளைத்துக் கீழே கொண்டுவந்தாள். தன் இடுப்பளவுக்கு. இன்னும் கொஞ்சம் கீழே.

பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாடின பூ ஒன்று கிளையிலிருந்து கழன்றது. தரையில் விழவில்லை.